சப்வூஃபர் அதிரட்டும், வயர் எரிய வேண்டாம்: கார் ஆடியோ மாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சனிக்கிழமை காலை கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் நின்று பாருங்கள். மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்கப் போகும் கார், வேன்களில் பாதிக்கு வண்டி தெரிவதற்கு முன்பே 'தும் தும்' சத்தம் வந்துவிடும். பாட்டு கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த சத்தத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இஎம்ஐ கட்டி வாங்கிய காராக இருக்கலாம், குடும்பம் ஓட்டும் டூரிஸ்ட் வேனாக இருக்கலாம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மெல்லிய வயர் போட்டால், பணயம் வைப்பது அந்த வண்டியையும் அதில் இருப்பவர்களையும்தான்.

12 வோல்ட்தானே, என்ன ஆகிடும்?

பலரும் சொல்வது இதுதான். 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் அது தீ வைக்கும். பிளஸ் வயர் உரசி உரசி காரின் இரும்பு பாடியைத் தொட்டால், பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நேரத்தில் பாயும். வயர் பழுத்து, மேலுறை உருகி, அடியில் இருக்கும் கார்பெட் பற்றிக்கொள்ள அதிக நேரம் தேவையில்லை. மலை வளைவுகளில் வண்டி குலுங்கக் குலுங்க, சரியாகக் கட்டாத வயர் உரசுவதும் அதிகம். நடுவழியில் புகை வந்தால் உதவி ஏறி வரவும் நேரமாகும்.

ஜெனரேட்டர் வைத்து டிஜே செட் ஓட்டும் வண்டிகளின் ஆபத்து வேறு மாதிரி. அங்கே இருப்பது 230 வோல்ட். 2022 ஆகஸ்ட் 1 அதிகாலை மேற்கு வங்கத்தின் கூச் பிஹார் மாவட்டத்தில், கோயிலுக்குப் போன பிக்கப் வேனில் மின்சாரம் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். வண்டியின் பின்னால் டிஜேவுக்காக வைத்த ஜெனரேட்டரின் வயரிங் காரணமாக இருக்கலாம் என்று போலீஸ் முதல்கட்டமாகச் சொன்னது. திருவிழா சீசனில் நம் ஊர் வண்டிகளுக்கும் இது ஒரு எச்சரிக்கை.

பெட்டியில் போட்டிருக்கும் 1,500 வாட்ஸ் உண்மையா?

பெரும்பாலும் இல்லை. பெரிய எழுத்தில் இருப்பது 'பீக்' வாட்ஸ். ஒரு நொடியின் துளி நேரம் தாங்கும் அளவு அது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் சக்தி.

கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். மொத்தம் 30 ஆம்பியர்தான் என்றால், இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட்ஸ். நல்ல 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர் அதில் சுமார் 80 சதவீதத்தைத்தான் ஒலியாக வெளியே தரும். கணக்கு 330 வாட்ஸுக்குள் முடிகிறது. 1,500 எங்கிருந்து வரும்?

சப்வூஃபரின் ஆர்.எம்.எஸ். அளவும், ஆம்ப்ளிஃபயர் அதே ஓமில் தரும் ஆர்.எம்.எஸ். அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். 'அதே ஓமில்' என்பதைக் கவனியுங்கள்.

ஓம் கணக்கு என்றால் என்ன?

ஓம் என்பது ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. தடை குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் வரைதான் தாங்கும் என்றால், அதில் 1 ஓம் மாட்டினால் சூடாகி நின்றுபோகும் அல்லது எரிந்துபோகும்.

* 4 ஓம் சப்வூஃபர் இரண்டை பேரலலில் இணைத்தால் 2 ஓம். சீரிஸில் இணைத்தால் 8 ஓம்.
* இரட்டை காயில் உள்ள 4 ஓம் சப்வூஃபர் ஒன்று: காயில்களை பேரலலில் இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8 ஓம்.
* அதே இரட்டை காயில் வகையில் இரண்டு: எல்லாம் பேரலல் என்றால் 1 ஓம். ஒவ்வொன்றின் காயில்களையும் சீரிஸாக்கி, இரண்டையும் பேரலல் செய்தால் 4 ஓம்.
* 4 சேனல் ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் செய்தால், பெரும்பாலான மாடல்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

வயரும் ஃபியூஸும் எப்படி முடிவு செய்வது?

600 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதக் கணக்கில் உள்ளே போக வேண்டியது 750 வாட்ஸ். 13.8-ஆல் வகுத்தால் சுமார் 54 ஆம்பியர். இதற்கு 4 கேஜ் சுத்தமான செம்பு வயர், அதாவது சுமார் 21 சதுர மி.மீ., 60 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். அலுமினியத்துக்கு செம்பு பூசிய மலிவு வயர் என்றால் ஒரு அளவு தடிமனாகப் போக வேண்டும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிஃபயரை அல்ல, வயரைத்தான். அதனால் அது பேட்டரியிலிருந்து 45 செ.மீ.-க்குள் இருக்கணும். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவில் ஓடும் நாலைந்து மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸோ, கம்பியோ மாட்டுவது தீக்குச்சி உரசுவதற்குச் சமம்.

இன்ஜின் பகுதியிலிருந்து வயர் உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வாஷர் கட்டாயம். எர்த் வயர் பிளஸ் வயரின் அதே தடிமனில், நீளம் குறைவாக, பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டக் கூடாது. பாடியில் ஓட்டை போடும் முன், அடியில் பெட்ரோல் டேங்க், டியூப் இருக்கிறதா என்று பார்க்கணும். வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எலக்ட்ரிக், ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே போக வேண்டாம்.

கெயின் என்பது வால்யூம் இல்லை

கெயினை முழுக்கத் திருகினால் ஒலி அலை வெட்டுப்பட்டு, காயில் சூடாகிக் கருகும். பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்பீக்கரைக் கழற்றி, செட்டின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓட்டுங்கள். 300 வாட்ஸ், 2 ஓம் என்றால் இரண்டையும் பெருக்க 600. அதன் வர்க்கமூலம் சுமார் 24.5. ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டில் மல்டிமீட்டர் 24.5 ஏசி வோல்ட் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்துங்கள்.

பொறுப்பு யாருக்கு?

முதல் பொறுப்பு மாட்டிக்கொடுக்கும் கடைக்கு. ஆர்.எம்.எஸ்., ஓம், வயர் அளவு, ஃபியூஸ் அளவு ஆகிய நான்கையும் பில்லில் எழுதித் தருவது பெரிய வேலை இல்லை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. வாடகை வண்டிகள் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அன்று பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதை போக்குவரத்துத் துறை வழக்கமாக்க வேண்டும்.

மிச்சப் பொறுப்பு ஸ்டியரிங் பிடிப்பவருக்கு. ஒலி வரம்பை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருவதை முதலில் சொல்வது ஹாரன்தான். அந்த ஹாரன் காதில் விழும் அளவுக்கு சவுண்ட் வைத்தால் போதும். பாட்டும் கேட்கலாம், பத்திரமாக வீட்டுக்கும் வரலாம்.