லாக் ஸ்கிரீனில் யாருடைய நம்பர் இருக்க வேண்டும்?

ஷேர் ஆட்டோ சீட்டில் ஒரு போன் கிடக்கிறது. எடுத்தவர் நல்லவர், திருப்பிக் கொடுக்கத்தான் நினைக்கிறார். ஆனால் யாரிடம் கொடுப்பது? போன் லாக் ஆகியிருக்கிறது. தொலைத்தவரே கூப்பிட்டால்தான் உண்டு. அதுவும் சைலன்ட்டில் இருந்தால் போச்சு!

திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு, நல்லவரையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. லாக் ஸ்கிரீனிலேயே ஒரு தொடர்பு எண்ணைக் காட்டுவது இதற்கு எளிய தீர்வு. ஆனால் யாருடைய எண் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

உங்க நம்பர் வேண்டாம்

தொலைந்த போனில் அதே போனின் எண்ணை எழுதி வைத்தால், அழைப்பும் அந்த போனுக்கேதான் போகும். எனவே அம்மா, அப்பா, கணவர், மனைவி, நண்பர் என நம்பகமான ஒருவரின் எண்ணைப் போடுங்கள். 'இந்த போன் கிடைத்தால் அழைக்கவும்' என்ற ஒரு வரியும் எண்ணும் போதும். முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, இமெயில் எதுவும் வேண்டாம். டீக்கடை மேஜையில் வைத்தால்கூட யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடம் அது.

எங்கே செட் செய்வது?

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'லாக் ஸ்கிரீன்' பகுதியைத் தேடுங்கள். அங்கே வாசகம் அல்லது தொடர்புத் தகவல் சேர்க்கும் வசதி இருக்கும். மாடலுக்கு மாடல் அதன் பெயர் மாறும். ஐபோனில் ஹெல்த் ஆப்புக்குள் 'மெடிக்கல் ஐடி'யை நிரப்பி, 'ஷோ வென் லாக்டு' என்பதை ஆன் செய்ய வேண்டும்.

விபத்து நேரத்தில்...

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணை 'ஐசிஇ' என்ற பெயரில் சேமித்து வைக்கும் யோசனையை, பிரிட்டனைச் சேர்ந்த ஆம்புலன்ஸ் ஊழியர் பாப் பிராட்சி 2005-ல் பரப்பினார். அன்று பெரும்பாலான போன்களுக்குப் பூட்டு இல்லை. இன்று லாக் ஆன போனில் கான்டாக்ட்ஸ் பட்டியல் திறக்காது. அதனால்தான் 'எமர்ஜென்சி' பட்டனை அழுத்தினால் தெரியும் தகவல் முக்கியம். ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அதில் சேர்க்கலாம்.

திருடனும் படிப்பான்

திருடுபோன ஐபோனை வேறொருவர் பயன்படுத்த, பழைய உரிமையாளரின் ஆப்பிள் பாஸ்வேர்டு தேவை. அதைக் கறக்க, திரையில் தெரியும் எண்ணுக்கே 'உங்க போன் கிடைச்சிருச்சு, இந்த லிங்க்ல லாகின் பண்ணுங்க' என்று போலி மெசேஜ் அனுப்புவது மோசடிக் கும்பல்களின் வழக்கம். போன் திருடுபோனால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண் மூலம் பிளாக் செய்யலாம். *#06# அழுத்தினால் வரும் அந்த எண்ணை இப்போதே எழுதி வையுங்கள்.

அம்மாவின் நம்பரைப் போடுவதாக இருந்தால், அவரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 'தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தா எடும்மா. ஆனா லிங்க் வந்தா தொடாதே, ஓடிபி கேட்டா சொல்லாதே.'