பட்டறை யந்திரத்துக்குப் பாதுகாப்பு எங்கே?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, கிண்டியிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் இருந்த சிறு தொழிற்கூடங்களை மூழ்கடித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அதன்பின் இரண்டே வாரங்களில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளக்காடாயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான். லேத்தின் படுக்கையில் சேறு; மோட்டாருக்குள் தண்ணீர்; கம்ப்யூட்டரால் இயங்கும் யந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி உதவாக்கரை. பாங்கிக் கடனும் வட்டியும் மட்டும் சேதமின்றி நிற்கின்றன!

சிறு பட்டறைக்காரரைப் பெரிய முதலாளி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நேற்றுவரை மில்லில் ஃபிட்டராக இருந்தவர், கிடைத்த பணத்தோடு மனைவியின் நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து ஒரு லேத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நாலைந்து விசைத்தறிகளை ஓட்டுகிற குடும்பங்கள் ஏராளம். இவர்களுக்கு யந்திரம்தான் நிலம், யந்திரம்தான் சேமிப்பு. அது போனால் எல்லாம் போயிற்று.

“இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கலாமே!” என்று உபதேசிப்பவர்கள் உண்டு. எடுக்கத்தான் வேண்டும், அதில் நமக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் இன்று பட்டறைக்காரர் கையில் திணிக்கப்படும் பாலிசி யாரைக் காப்பாற்றுகிறது என்பதே கேள்வி.

பெரும்பாலோர் தாமாக விரும்பி பாலிசி எடுப்பதில்லை. கடன் கொடுக்கும் பாங்கி, தன் பணத்துக்குப் பாதுகாப்பாக அதை எடுக்கச் செய்கிறது. பிரீமியத்தைக் கடன் கணக்கிலேயே பற்று வைத்து விடுகிறது. நஷ்ட ஈடு வந்தாலும் முதலில் பாங்கிக்கே போய்ச் சேரும் என்ற ஷரத்தும் அதில் உண்டு. கடனாளியோ பல சமயங்களில் பாலிசியின் நகலைக்கூடக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். கண்டாலும் என்ன பயன்? பொடி எழுத்தில், இங்கிலீஷில், பக்கம் பக்கமாகச் சட்ட வாசகம்!

அந்த வாசகத்தில் அடங்கியிருப்பது என்ன? 2021 ஏப்ரல் முதல், ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்துள்ள தொழில்களுக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு இதில் ஈடு உண்டு. முன்னைய நிலைமைக்கு இது முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்காரரை அன்றாடம் வாட்டும் விபத்துகளைப் பாருங்கள். மின்சாரம் தாறுமாறாக வந்து மோட்டார் தானாகவே எரிந்து போனால், அந்த மோட்டாருக்கு இதில் ஈடு இல்லை. அங்கிருந்து தீ பரவி மற்ற பொருள்கள் எரிந்தால் அவற்றுக்கு மட்டுமே உண்டு. யந்திரம் உள்ளுக்குள் பழுதானால் அதற்கு வேறொரு பாலிசி. சாதாரண நாளில் திருடு போனால் அதற்கு மற்றொரு பாலிசி. அதிலும் பூட்டை உடைத்தோ சுவரைத் துளைத்தோ உள்ளே புகுந்த அடையாளம் வேண்டும். வீட்டுச் சாமான்களுக்கு எடுத்த பாலிசி, வீட்டில் நிற்கும் தறியையும் காக்கும் என்று நம்பியிருப்பவர் ஏமாந்து போவார்.

இன்னொரு கண்ணி, குறைந்த தொகைக்கு எடுக்கும் பாலிசி. பத்து லட்ச ரூபாய் பெறுமானமுள்ள யந்திரங்களை, பிரீமியத்துக்குப் பயந்து ஐந்து லட்சத்துக்கே பதிவு செய்கிறார் ஒருவர். வெள்ளத்தில் நாலு லட்ச ரூபாய் சேதம். ஐந்து லட்சத்துக்குள்தானே, முழுதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார். கணக்கு அப்படியில்லை. பாதி மதிப்புக்குத்தான் பிரீமியம் கட்டினாய், ஆகவே சேதத்திலும் பாதிதான் என்று இரண்டு லட்சத்தோடு நிறுத்தி விடுகிறார்கள். கடன் தொகை அளவுக்கு மட்டும் பாலிசி எடுத்தவர்கள் இந்தக் கண்ணியில் விழுகிறார்கள்.

ஜாப் வேலை செய்பவர்களின் நிலையோ இதைவிட மோசம். பட்டறையில் கிடக்கும் வார்ப்பு பெரிய கம்பெனிக்குச் சொந்தம். தறியில் ஏறிய பாவு நூல் வியாபாரிக்குச் சொந்தம். பிறர் பொருளும் நம் பொறுப்பில் இருக்கிறது என்று பாலிசியில் தனியே குறிப்பிட்டிராவிட்டால் அதற்கு ஈடு கிடைப்பது சந்தேகமே. நஷ்டமோ கூலியில் பிடித்தம் செய்யப்படும். லாபம் மேலே போகிறது. ஆபத்து மட்டும் கீழே தள்ளப்படுகிறது!

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்றுண்டு. யந்திரம் ஓடாத ஒரு மாதமும் அங்கே வேலை செய்யும் மூன்று நான்கு தொழிலாளர்களுக்குக் கூலி ஏது? இரும்புக்கு ஈடு உண்டு. அதை இயக்கும் மனிதனின் வயிற்றுக்கு இந்தப் பாலிசியில் இடமே இல்லை.

இது தானாக நேர்ந்ததா? 1972-இல் சட்டம் இயற்றி, 1973 ஜனவரி முதல், 107 இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளாக நாடு மாற்றியமைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அவற்றில் ஒன்று. ஜனங்களின் சேமிப்பு ஜனங்களின் ஆபத்துக்கு உதவ வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். 1999-இல் கதவு மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அந்நிய மூலதனத்தின் உச்சவரம்பு 26 சதவீதத்திலிருந்து 2015-இல் 49 ஆகவும், 2021-இல் 74 ஆகவும் உயர்த்தப்பட்டது. 100 சதவீதமாக்கும் முடிவை 2025 பட்ஜெட்டில் சர்க்கார் அறிவித்தது. பொதுத்துறைக் கம்பெனிகளில் 51 சதவீதப் பங்கைச் சர்க்கார் வைத்திருந்தாக வேண்டும் என்ற விதியும் 2021 ஆகஸ்டில் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. பங்குதாரரின் லாபத்தையே அளவுகோலாகக் கொண்ட கம்பெனி, தாழ்வான தெருவில் நிற்கும் ஒற்றை லேத்தைத் தேடி வருமா?

வரி விஷயத்திலும் இதே பாரபட்சம்தான். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸ்களுக்கு ஜிஎஸ்டி விலக்கப்பட்டது, வரவேற்கிறோம். ஆனால் பட்டறைக்கான பாலிசி மீதிருந்த 18 சதவீதம் அப்படியே விடப்பட்டது. பெரிய ஆலை இந்த வரியைத் தன் கணக்கில் ஈடுகட்டிக் கொள்ளும். ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத குடிசைப் பட்டறைக்கோ அது முழுச் சுமை.

நிலைமை மாறும்வரை பட்டறைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பாங்கியிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய விலைக்கு யந்திரங்களின் மதிப்பைத் திருத்துங்கள். வீட்டில் தொழில் நடப்பதையும், சரியான விலாசத்தையும், பிறர் பொருள் இருப்பதையும் மறைக்காமல் எழுதச் செய்யுங்கள். பில்லும் போட்டோவும் பட்டறைக்கு வெளியே ஒரு பிரதி இருக்கட்டும். சேதம் நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். சர்வேயர் வருமுன் எதையும் காயலான் கடைக்குப் போட்டு விடாதீர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்ற கதையாகக் கம்பெனி இழுத்தடித்தால், இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குறுந்தொழில்களும் அவரிடம் முறையிடலாம். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஆனால் தனித்தனியே மனுப் போட்டு இதற்கு விமோசனம் காண முடியாது. பாலிசி தமிழில் வேண்டும். தீ, வெள்ளம், திருட்டு, பழுது அனைத்துக்கும் சேர்த்துச் சிறு பட்டறைக்கென ஒரே பாலிசி வேண்டும். அதன் மீதான ஜிஎஸ்டி ஒழிய வேண்டும். வெள்ளம் பாதித்த வட்டாரங்களில் முன்பணம் உடனே கொடுக்கப்பட வேண்டும். வேலை நின்ற நாட்களுக்குத் தொழிலாளியின் கூலியும் ஈட்டில் சேர வேண்டும். அதற்கான பிரீமியத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும். இவற்றை நிறைவேற்றும் கருவியாகப் பொதுத்துறைக் கம்பெனிகள் பலப்படுத்தப்பட வேண்டும், விற்கப்படக் கூடாது.

அடுத்த வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. சிறு தொழில் சங்கங்களும், விசைத்தறியாளர்களும், பட்டறைத் தொழிலாளர்களும், இன்ஷூரன்ஸ் ஊழியர்களும் ஒரே மேடையில் நின்று இந்தக் கோரிக்கைகளை எழுப்பட்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே விவேகம்.