ஜோடி ஜோடியாய்ச் சாகும் மீன்கள்

சென்னையின் வண்ணமீன் கடைகளில் பெரும்பாலும் விலை சொல்வது ஜோடிக் கணக்கில்தான். நியான் டெட்ரா ஜோடி இவ்வளவு, டைகர் பார்ப் ஜோடி இவ்வளவு, ஏஞ்சல் ஜோடி இவ்வளவு... வாங்க வருகிறவரும் சீர்வரிசை அடுக்குவதுபோல இதில் ஒரு ஜோடி, அதில் ஒரு ஜோடி என்று ஏழெட்டு நிறங்களில் பொறுக்குகிறார். ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளோடு நாலு கட்டு பச்சைச் செடியும் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறார். "எல்லாமே கம்யூனிட்டி மீன்தான் சார், சண்டையே போடாது" என்ற உத்தரவாதம் இலவசம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தொட்டியில் ஒரு ஏஞ்சல், ஒரு சக்கர், இலையெல்லாம் போய் வெறும் தண்டாக நிற்கும் செடி. அவ்வளவுதான்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வேடிக்கையானவை. தண்ணீர் சரியில்லை. மீன் ராசியில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம்! (அந்தக் கஷ்டத்தை அந்த மீனுக்குக் கொடுத்ததே வீட்டுக்காரர்தான் என்று யாரும் சொல்வதில்லை.) உண்மையான காரணம் "ஜோடி" என்ற அந்த ஒற்றைச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது.

நியான் டெட்ரா, டைகர் பார்ப், கோரிடோரஸ் எல்லாம் கூட்டமாக வாழும் மீன்கள். அவற்றுக்கு ஜோடி என்று ஒன்று கிடையாது. வலையில் சிக்கிய இரண்டு நியானில் எது ஆண், எது பெண் என்று பழகியவர்களுக்கே சொல்வது கடினம். ஐம்பது மீனோடு சுற்றியதை இரண்டாகப் பிரித்து வந்தால் அது பயத்திலேயே செடிக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும், சாப்பிடாது, நிறம் வெளுக்கும். டைகர் பார்ப் விஷயத்தில் கதையே வேறு. எட்டு, பத்து சேர்ந்து இருந்தால் தங்களுக்குள் துரத்தி விளையாடி, பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டே இரண்டாக விட்டால் அந்தத் துறுதுறுப்பு முழுவதும் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பாயும். ஏஞ்சலின் நீண்ட துடுப்பும் கப்பியின் வாலும் நார் நாராகும். "டைகர் பார்ப் ரவுடி மீன்" என்று பெயர் வாங்கியதில் பாதிப் பழி ஜோடி வியாபாரத்தையே சேரும்.

கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் வகைகளில் ஆண் பெண் சுலபமாகத் தெரியும், ஜோடி சரிதானே என்று கேட்கலாம். அங்கேதான் ஜோடி ரொம்பக் கொடுமை. ஒரு ஆணுக்கு ஒரே பெண் என்றால் அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்க ஓய்வே இல்லாத துரத்தல். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது வேண்டும், அல்லது ஆண்கள் மட்டும் போதும். அதைவிட மோசம் ஃபைட்டர். அதையும் "ஜோடியா எடுத்துக்கங்க சார்" என்று விற்கும் ஆட்கள் உண்டு. முட்டையிடும் நேரம் தவிர ஆணும் பெண்ணும் ஒரே சின்னத் தொட்டியில் இருந்தால் ஒன்று கிழிந்துதான் வெளியே வரும்.

உண்மையிலேயே ஜோடி சேரும் மீன் ஏஞ்சல். சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அது ஜோடி சேரும் நாள்தான் கம்யூனிட்டி டேங்க் முடிகிற நாள்! அகலமான ஒரு இலையில் முட்டை வைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் காவல் நின்று மற்ற எல்லா மீனையும் ஒரு மூலைக்கு விரட்டிவிடும். ஆக ஜோடி பொருந்துகிற இடத்தில் பொதுத் தொட்டி பொருந்தாது, பொதுத் தொட்டி பொருந்துகிற இடத்தில் ஜோடி பொருந்தாது. பிறகு எதற்காக இந்தக் கணக்கு? வியாபாரிக்குக் கணக்குப் போட வசதி, வாங்குபவருக்கு நிறைய வகை வாங்கிய திருப்தி. மீனுக்கு என்ன வசதி என்று கேட்க ஆளில்லை.

அடுத்த பொய், "சின்னதிலேயே சேர்த்து விட்டா பழகிடும்". ஐந்து ரூபாய்க் காசு அளவில் வாங்கி வரும் ஏஞ்சல் ஒரு வருடத்துக்குள் உள்ளங்கை அளவு வந்துவிடும். நியான் முழுதாக வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டர்தான். காட்டில் ஏஞ்சல் சின்ன மீனைப் பிடித்துத் தின்னும் ஜாதி. ஒரே வகுப்பில் படித்தோமே என்று இரவில் அதற்கு நினைவு வராது. நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், தொட்டியில் பிணம்கூட இருக்காது. வீட்டில் எல்லோரும் வேலைக்காரம்மாவை முறைப்பார்கள்.

இதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு பொய்: "தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்". வளர்ச்சி குன்றுவது வேறு, அளவோடு வளர்வது வேறு. கழிவு சேர்ந்த, இடம் போதாத தண்ணீரில் மீன் கூன் விழுந்து நோஞ்சானாகிச் சீக்கிரம் செத்துப்போகும், அதைத்தான் "வளரவில்லை" என்கிறார்கள். வெள்ளி நிறத்தில் விரல் நீளத்துக்கு "ஷார்க்" என்று விற்கிறார்களே, அது சுறாவே இல்லை. மீகாங் ஆற்றுக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்து, உணவகங்களில் பாசா என்ற பெயரில் வறுத்துத் தருவதும் அதே மீன்தான். இரண்டடித் தொட்டியில் அதை விடுவதும் எருமைக் கன்றைப் பால்கனியில் கட்டுவதும் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் சக்கர். "பாசியெல்லாம் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ணிடும்" என்று ஒவ்வொருவர் தலையிலும் ஒன்றைக் கட்டுகிறார்கள். தென்னமெரிக்கக் கெளுத்தி, ஒன்றரை அடி வரை போகும். குட்டியாக இருக்கும்போது பாசி தின்பது உண்மை. வளர வளர அந்த ஆர்வம் குறையும், தின்பதைவிடக் கழிவது அதிகம், செடியை வேரோடு சாய்த்துவிட்டுப் போகும். தொட்டியில் இடம் போதாத நாளில் "பாவம், கொல்ல மனசில்லை" என்று ஏரியில் விடுகிறார்கள் பாருங்கள், அந்தக் கருணைதான் பெரிய பாவம். இன்று தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, தெலங்கானா நீர்நிலைகளில் இந்த மீன் குடியேறிவிட்டது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். முள்ளும் தகடுமான உடம்பு வலையைக் கிழிக்கும். வலை கிழிந்த மீனவர் விற்கப் போனால் வாங்க ஆளில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியின் பாசிக்காக ஊர் ஏரியைக் கொடுத்தாயிற்று. பாசி போக வேண்டுமென்றால் விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

செடியையும் ஒரு குடித்தனக்காரராகக் கணக்கில் எடுக்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. கோல்டு ஃபிஷ் கெண்டை இனம். மணலைக் கிளறும், இளந்தளிரைக் கீரை மாதிரி மேயும். சில்வர் டாலரும் அப்படியே. "எட்டு தங்கம், ஒரு கறுப்பு" என்று வாஸ்து பேசி ஒன்பது கோல்டு ஃபிஷ்ஷைச் செடித் தொட்டியில் விடுபவருக்கு வருவது செல்வமல்ல, தண்டு!

வெயிலையும் சொல்ல வேண்டும். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்ந்த நீர் கேட்கும் கோல்டு ஃபிஷ்ஷும் சூட்டில் குஷியாகும் ஏஞ்சலும் ஒரே தொட்டியில் என்றால் யாராவது ஒருவர் எப்போதும் அவஸ்தைப்பட வேண்டும். போர் தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும் மோலிக்கும் கப்பிக்கும் பிடிக்கும். மென்மையான நீரிலிருந்து வந்த நியானுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பண்ணையில் பிறந்த நியான் கடினநீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது நிஜம். கோடையைப் பொறுக்காது.

எனவே வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து செடி, கடைசியில்தான் மீன். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டி என்றால் 56 லிட்டர், மணலும் கல்லும் போக 50கூட நிற்காது. செடி நட்டு, ஃபில்டர் ஓடவிட்டு, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஊன்ற நாலிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும். பிறகு ஒரே கூட்டம். எட்டு அல்லது பத்து செர்ரி பார்ப். இலங்கையின் நிழல் ஓடைகளிலிருந்து வந்தது, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது, செடியைச் சிதைக்காது. நடுவில் இரண்டு ஹனி கௌராமி. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன், சாது. போதும். போர் தண்ணீர் ரொம்பக் கடினம் என்றால் செர்ரி பார்ப்புக்குப் பதில் ஆண் கப்பிகள். இவையெல்லாம் கொளத்தூரில் தேடினால் கிடைக்காத அபூர்வங்கள் அல்ல.

"கஸ்டமர் கேக்கறதைத்தானே கொடுக்கறோம், ரெண்டே வகைன்னா யாரு வாங்குவா?" என்பார்கள் கடைக்காரர்கள். மருந்துக்கடைக்காரரும் இப்படிச் சொல்லலாம்தான். கேட்கிறவருக்குத் தெரியாததால்தானே கேட்கிறார்! "எத்தனை லிட்டர் தொட்டி, எந்தத் தண்ணீர்?" என்று திருப்பிக் கேட்க ஒரு நிமிடம் ஆகுமா?

ரெண்டே வகை போரடிக்கும் என்பதும் கடையில் நின்று பேசும் பேச்சு. கடையின் வெறுங்கண்ணாடித் தொட்டியில் செர்ரி பார்ப் வெளிறிப்போய், எவரும் திரும்பிப் பார்க்காத மீனாகத்தான் இருக்கும். கறுப்பு மணலும் அடர்ந்த செடியும் கூட்டமும் கிடைத்த சில வாரங்களில் அதே ஆண் மீன்கள் மிளகாய்ப்பழச் சிவப்பாகி, ஒன்றன் முன் ஒன்று துடுப்பை விரித்துக்கொண்டு நிற்கும்.