வாங்கிய வீட்டை விற்க நேர்ந்தால்

வீடு வாங்கி ஆண்டொன்று நிறைவதற்குள் உத்தியோக மாற்றமோ, பெற்றோரின் நோயோ, வேறு ஏதேனும் நிர்ப்பந்தமோ வந்து அதை விற்றே தீரவேண்டிய நிலைமைக்கு ஆளாகும் குடும்பத்தார், வாங்கிய விலைக்கே விற்றுவிட்டால் நஷ்டமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது இயல்பே. ஆயினும் கணக்கு அவ்விதம் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆதலால், 50 லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கியவர் பத்திரப் பதிவுக்கே நாலரை லட்சம் செலுத்தியிருப்பார். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகருக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் கொடுப்பதாயின், ஏறக்குறைய 55½ லட்சம் கிடைத்தாலொழியப் போட்ட முதல் திரும்பாது. கடனோ இன்னும் கடுமையானது. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணையாக 40 லட்சம் வாங்கியவர் மாதந்தோறும் சுமார் 34,700 ரூபாய் கட்டுகிறார். முதல் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விட, ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகும் அசலில் குறைந்திருப்பது 80,000 ரூபாய் அளவே.

லாபம் கிட்டினாலும் காலத்தைக் கவனிக்க வேண்டும். 24 மாதங்களுக்குள் விற்றால் அந்த லாபம் ஏனைய வருமானத்தோடு சேர்ந்து அவரவர் விகிதப்படி வரிக்கு உள்ளாகும். அக்கெடு கடந்தபின் 12.5 சதவீதமே, வேறு வீடு வாங்கினால் அதற்கும் விலக்குப் பெற வழியுண்டு. ஆகையால், இயலுமானால் வீட்டை வாடகைக்கு விட்டு அக்காலத்தைக் கடத்துவதே விவேகம். பத்திரச் செலவும் தரகும் லாபக் கணக்கில் கழிக்கத்தக்கவை என்பதால் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

உடனே விற்றுத்தான் ஆகவேண்டுமெனில், விலை சொல்வதற்கு முன்பே பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றி, வில்லங்கச் சான்றும் வங்கியிடமிருந்து பாக்கிக் கணக்கும் பெற்று ஆயத்தமாக இருத்தல் அவசியம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு ஆணை.

விற்பவரின் அவசரத்தை அறிந்துகொண்டவர் நியாயமான விலை கொடுக்க முன்வருவதில்லை. எனவே, கையிருப்பு முழுவதையும் முன்பணத்தில் கரைத்துவிடாமல் ஆறு மாதத் தவணைப் பணத்தைத் தனியே வைத்துக்கொண்டு வீடு வாங்குகிறவரே, குறைந்த விலை கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லும் சக்தி பெறுகிறார்.