நோகாத திசையில் ஒரு சோதனை

'பாஸ்' என்ற சொல்லைப் போல ஏமாற்றும் சொல் எங்கள் சோதனைக்கூடத் தொழிலில் வேறில்லை. ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் இந்த விஷயத்தில் என் கோபம் ஆறவில்லை.

விமான பாகங்களுக்கான 7075 அலுமினியக் கலவை, டி6 பதத்தில் மிக வலிமையானது. ஆனால் இழுவிசை ஓயாமல் இருந்து, உப்பும் ஈரமும் சேர்ந்துகொண்டால் சத்தமில்லாமல் விரிசல் விடும். அதை அறியத்தான் மாதிரித் துண்டை இழுத்துப் பிடித்து, 3.5 சதவீத உப்புக் கரைசலில் 10 நிமிஷம் முக்கி, 50 நிமிஷம் காற்றில் விட்டு, நாள்கணக்கில் சோதிக்கிறோம்.

என் சண்டை கரைசலோடு இல்லை. துண்டை எந்தத் திசையில் வெட்டுகிறார்கள் என்பதோடுதான். உருட்டிய கனத்த தகட்டில் உலோக மணிகள் அப்பளக் கட்டுபோலப் படுத்துவிடும். விரிசல் மணிகளின் எல்லை வழியே ஓடுவது. தகட்டின் நீளவாக்கில் இழுத்தால் அதற்கு வழி கிடைக்காது. தடிமன் திசையில் இழுத்தால் அடுக்கடுக்காகப் பிரியும். அதே டி6 தகடு நீளவாக்கில் 300 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். தடிமன் திசையில் சுமார் 50-க்கே தடுமாறும். நீளவாக்குத் துண்டை மட்டும் சோதித்து 'பாஸ்' போடுவது, வலது கண்ணில் கோளாறு என்று வந்தவரின் இடது கண்ணைப் பார்த்து அனுப்புவது மாதிரி.

"தடிமன் திசையில் சுமையே வராதே சார்?" என்பார்கள். சுமை பறக்கும்போது மட்டுமா வரும்? சூடான உலோகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தியபோது உள்ளே தங்கிய தகைவு, துளையில் இறுக்கி அடித்த புஷ், பொருந்தாத பாகங்களை போல்ட் முறுக்கிச் சேர்த்த இழுப்பு - விமானம் சும்மா நிற்கும்போதும் இவை லீவு போடுவதில்லை.

"டி73 பதத்துக்குப் போனால் வலிமை 10, 15 சதவீதம் குறையும், எடை கூடும்" என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் அந்தப் பதம் தடிமன் திசையிலும் சுமார் 300 தாங்கும். டி6-ன் கூடுதல் வலிமையைக் கணக்கில் எழுதுகிறவர், அந்த 50-ஐயும் பக்கத்தில் எழுதட்டும். லாபத்தை மட்டும் எழுதுவது கணக்காகாது.

இன்னும் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வெட்டிய திசை, கொடுத்த தகைவு, விட்ட நாட்கள் - இந்த மூன்றும் இல்லாத சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள். மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்த விமானத்தில் ஏறுகிறவர்கள் நம்மை நம்பித்தான் ஏறுகிறார்கள்.