மணலை மூடியவர்கள் நாங்கள்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பூனை இல்லாத வீடு குறைவு. மீன் வெட்டும்போது காலைச் சுற்றி வரும், குசினியில் எலி பிடிக்கும், இரவில் அடுப்படியில் சுருண்டு படுக்கும். அதே பூனை மெத்தையிலோ உடுப்புக் குவியலிலோ மூத்திரம் பெய்துவிட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? தும்புத்தடியால் அடிக்கிறோம். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்கிறோம். மறுபடியும் நடந்தால் உரப்பையில் கட்டிச் சந்தையடியிலோ கோயிலடியிலோ இறங்குதுறையிலோ விட்டுவிட்டு வருகிறோம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊராரும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. செய்யாதவர்கள், செய்தவர்களைக் கண்டும் பேசாமல் இருந்தோம்.

பூனை கிண்டிப் புதைக்க மண் தேடும் பிராணி. முன்பு வளவு முழுக்க மணல், குசினிக்குப் பின்னால் சாம்பல் குவியல். போர் முடிந்தபின் வெளிநாட்டுக் காசில் வீடு திருத்தினோம். முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம், நிலத்துக்கு மாபிள் பதித்தோம், விறகடுப்புப் போய் காஸ் வந்தது. பூனைக்கு ஒரு பேசின் மணல் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. இரவில் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, விடிந்ததும் மெத்தை நனைந்துவிட்டதென்று ஏசினோம்.

கடுவன் நின்றபடி வாலை உயர்த்தி நடுங்கவிட்டுச் சுவரிலும் கதவுநிலையிலும் கொஞ்சமாகப் பீய்ச்சினால், அது தன் எல்லையைக் குறிக்கிறது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் அதை விட்டுவிடும். "கடவுள் படைச்சதை ஏன் வெட்டுவான்" என்று மறுத்தோம். அப்படிச் சொன்ன நாங்கள்தான் கண் திறக்காத குட்டிகளைக் கொண்டுபோய் விடச் சொல்லிப் பிள்ளைகளின் கையில் பையைக் கொடுத்தோம்.

குந்தியிருந்து கண்ட இடத்தில் பெய்வது வேறு கதை. கடுவனின் மூத்திரக்குழாய் ஒடுக்கமானது. பொடிக்கல்லோ சளியோ அடைத்தால் அடிக்கடி குந்தும், கத்தும், குறியை நக்கும், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முற்றாக அடைபட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். நாங்கள் வைப்பதோ கருவாட்டுச் சோறும் வெயிலில் காய்ந்த சிரட்டையும். நோவு தாங்காமல் சீலையில் குந்திய பூனைக்கு அடிதான் கிடைத்தது. பாவம் பார்த்தவர்கள் பனடோல் கரைத்துப் பருக்கினோம். ஒரே ஒரு குளிசை பூனையைக் கொல்லப் போதும். மணம் போக டெற்றோல் ஊற்றினோம். அதுவும் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கியே விழுங்கிவிடும்.

1990இலும் 1991இலும் தீவுகளை விட்டு ஓடியபோது வளர்த்த உயிர்களை விட்டுத்தான் போனோம். பிள்ளைகளின் உயிர் தப்பினால் போதும் என்ற காலம் அது. இன்று உரப்பையில் கட்டுவதற்கு அந்தப் போரைச் சாட்டாகச் சொல்ல முடியாது. மிருக வைத்தியரிடம் போவது எளிதல்ல, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே ஒரு மணி நேரக் கடல் என்பது உண்மை. அப்படியென்றால், கருத்தடை முகாமைத் தீவுக்கே கொண்டுவரச் சொல்லிப் பிரதேச சபையிடம் எத்தனை பேர் கேட்டோம்? திருவிழாவுக்குக் காசு அனுப்பும் கனடா, லண்டன், பாரிஸ் உறவுகளிடம் இதற்கென்று ஒரு சொல் சொன்னோமா?

இனியாவது செய்வோம். பழைய பேசினில் நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, சோற்றுத் தட்டுக்குத் தூரமாக, சந்தடியில்லாத மூலையில் வைப்போம். நாள்தோறும் அள்ளுவோம், பிள்ளைத்தாய்ச்சிகள் அதைத் தொடவேண்டாம். இரண்டு பூனை இருந்தால் மூன்று பேசின் வைப்போம். நனைந்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி வினாகிரியால் துடைப்போம். கடுவன் குந்திக் குந்தியும் மூத்திரம் போகாமல் தவித்தால், கிடைக்கிற முதல் படகில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோவோம். சந்தையடியில் உரப்பையோடு நிற்பவரைக் கண்டால் மறித்துக் கேட்போம். அவர் எங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் கேட்போம்.