சட்டப் படிப்பு: ஐந்து வருஷமா, ஆறு வருஷமா?

கொல்லிமலையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, வக்கீலாக விரும்பும் மலையாளிப் பழங்குடி மாணவன் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. பள்ளியை விட்டதும் ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் சேரலாம். அல்லது ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ மூன்று வருஷம் பி.ஏ. படித்து, அதன்மேல் மூன்று வருஷம் சட்டம் பயிலலாம். 2019-ல் நாமக்கல்லிலேயே அரசாங்கச் சட்டக் கலாசாலை ஏற்பட்டபின், இந்தக் கேள்வி மலைமேலும் ஏறிவிட்டது.

காலக் கணக்கில் வித்தியாசம் ஒரே வருஷம். சிவில் நீதிபதிப் பரீட்சைக்கு மூன்று வருஷம் வக்கீல் தொழில் நடத்தியிருக்க வேண்டுமென்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருப்பதால், ஐந்து வருஷம் படித்தவன் எட்டு வருஷத்திலும், பட்டதாரியாகிச் சட்டம் படித்தவன் ஒன்பது வருஷத்திலும் அப்பரீட்சைக்குத் தகுதி பெறுகிறான். இந்த ஒரு வருஷத்தைப் பெரிதாக எண்ணுவோர் மற்றொன்றைக் கவனிப்பதில்லை.

பார் கவுன்சிலின் 2008-ஆம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகள், ஐந்து வருஷப் படிப்பை நடுவில் பிரித்துப் பட்டம் வழங்குவதைத் தடுக்கின்றன. மூன்று வருஷம் படித்தபின் தகப்பனார் நோயில் விழுந்தாலும், மிளகுக் கொடி பட்டுப்போனாலும், கலாசாலையை விட்டு வரும் பிள்ளை வெறுங்கையோடு வருகிறான். பி.ஏ. முடித்து நின்றவனோ பட்டதாரிகளுக்குரிய சர்க்கார் பரீட்சைகளை எழுதலாம்; வசதி வந்தபோது சட்டத்துக்குத் திரும்பலாம்.

ஆகவே, உறுதியும் ஐந்து வருஷம் தாங்கும் பொருளும் உள்ளவன் முதல் வழியிற் செல்லட்டும். நடுவில் நேரும் கஷ்டத்தைத் தாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டம் முன்னும் சட்டம் பின்னுமே தக்கதென்பது நமது அபிப்பிராயம்.

ஆனால், ஏழைக்கு மட்டும் ஒரு வருஷம் அதிகமென்பது நியாயமாகுமா? மூன்றாம் வருஷ முடிவில் விலக நேர்ந்தோருக்கு பி.ஏ. பட்டம் அளிக்க விதியைத் திருத்துவதால் வக்கீல் தொழிலின் கௌரவத்துக்கு யாதொரு பங்கமும் நேராது. அப்பட்டத்தைக் கொண்டு எவனும் வக்கீலாகிவிடப் போவதில்லை. பதிவுக் கட்டணமாகச் சட்டம் குறித்த தொகைக்கு மேல், அதாவது பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல், வசூலிக்கலாகாதென்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் விதித்தது. வாசலை நீதிமன்றம் திறந்துவிட்டது. வாசலுக்கு வரும் பாதையைச் செப்பனிடுவது பார் கவுன்சிலின் கடமை.

2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மலைவாசிகளுக்கு அளித்த உரிமைகளைக் கிராம சபையில் எடுத்துரைக்கவும், நியாயஸ்தலத்தில் வாதாடவும் மலையிற் பிறந்த வக்கீல்களே வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து படிக்க வருபவனைப் பாதியில் வெறுங்கையனாகத் திருப்பியனுப்பும் விதி இனியும் நிலைக்கலாகாது.